விசாரணை என்னும் வேலி

திருப்பூரில் நாம் குடியிருக்கும் தெருவில் உடன்பிறந்தார் இருவர் உள்ளனர். மூத்தவர் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பகுதியில் பதினோராண்டுகள் வேலை பார்த்தவர். இளையவர் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். இருவரும் சிறு பருவத்தில் நம்மிடம் ஓதியவர்கள். சில ஆண்டுகட்கு முன் ஒரே வாரத்தில் இருவருடைய வேலைக்கும் இடையூறு நேர்ந்தது.

இளையவருக்கு ஒரு கடிதம் வந்தது. கோப்புகள் சிலவற்றை உரிய காலத்தில் மேலிடத்திற்கு அனுப்பத் தவறினார் என்பது குற்றச்சாட்டு. அரசு ஊழியர் தம் பேச்சில் 'பதினேழு பி' என்று அஞ்சிக் கூறும் குறிப்பாணை அது. விளக்கம் எழுதுவதற்குத் துணை வேண்டி அவர் நம்மிடம் வந்தார்.

மூத்தவருக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை மாலை சம்பளக் கவரைக் கையில் கொடுத்த சூப்பர்வைசர், "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்றார். அவ்வளவே. தம்பியின் கடிதத்தை நாம் படித்துக்கொண்டிருந்தபோது அருகில் அமர்ந்திருந்த அவர் மெல்லிய குரலில், "அவனை ஏன் செய்தாய் என்று கேட்கவாவது கேட்கிறார்கள், அஸ்ரத். என்னை யாரும் கேட்கவில்லையே" என்றார்.

அந்தச் சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒருவனை வேலையிலிருந்து நீக்குமுன் அவனைக் கேட்க வேண்டும் என்பது இன்று எளிய நீதியாகத் தோன்றுகிறது. ஆயினும் அது தானாக வந்ததன்று. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகக் கட்டப்பட்ட வேலி அது. அவ்வேலி எவ்வாறு எழுந்தது, எங்கே முறிந்தது, யாரை இன்னும் வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதை ஈண்டு காண்போம்.

மன்னரின் விருப்பம்

ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த கோட்பாடு ஒன்று உண்டு. அரசாங்க ஊழியர் எவராயினும் மன்னரின் விருப்பம் உள்ளவரையிலேயே பதவியில் இருப்பார் என்பதே அது. விருப்பம் நீங்கினால் வேலையும் நீங்கும். காரணம் கூறவேண்டிய கடமை இல்லை. கேட்கும் உரிமையும் இல்லை.

கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே இக்கோட்பாட்டின் கூர்மை சற்று மழுங்கத் தொடங்கிற்று. அரசின் இசைவின்றி நீக்கப்பட முடியாத உயர்நிலை ஊழியர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டால் எவ்வாறு விசாரிப்பது என்பதற்கு 1850-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குற்றச்சாட்டை எழுத்தில் தருதல், சாட்சிகளை விசாரித்தல், எதிர்வாதத்திற்கு இடமளித்தல் ஆகிய முறைகள் அதில் உள்ளன. எனினும் அது மேல்தட்டினருக்கே பயன்பட்டது. தாலுகா அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கும் சேவகருக்கும் மேலதிகாரியின் முகக்குறிப்பே சட்டமாக விளங்கியது.

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் முதன்முறையாக ஒரு வரம்பு கட்டிற்று. ஒருவரை எந்த அதிகாரி நியமித்தாரோ அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி அவரை நீக்கலாகாது என்பதே அவ்வரம்பு. இதன் வலிமையையும் வலிமையின்மையையும் நம் சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற இரு வழக்குகள் காட்டின. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 1936-37 வாக்கில் முடிவுற்றவை.

ரங்காச்சாரி என்பார் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவரை நியமித்தவரினும் தாழ்ந்த நிலை அதிகாரி அவரை நீக்கியிருந்தார். அந்நீக்கம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வெங்கட ராவ் என்பார் சென்னை அரசாங்க அச்சகத்தில் மெய்ப்புப் படிப்பவர். விதிகளில் சொல்லப்பட்ட விசாரணை தமக்கு முறைப்படி நடைபெறவில்லை என்பது அவருடைய முறையீடு. அவருக்கு நீதிமன்றத்தில் நிவாரணம் கிட்டவில்லை. விதிகள் அரசாங்கம் தனக்குத் தானே வகுத்துக் கொண்டவை. அவற்றை மீறினால் மேலதிகாரியிடம் முறையிடலாமேயன்றி நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க இயலாது என்பது முடிவாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்குக. 'யார் நீக்குவது' என்ற கேள்விக்கு வேலி இருந்தது. 'கேட்டு நீக்குவதா, கேளாமல் நீக்குவதா' என்ற கேள்விக்கு வேலி இல்லை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது. தம்மீது எடுக்கப்படவிருக்கும் நடவடிக்கைக்கு எதிராகக் காரணம் காட்ட நியாயமான வாய்ப்பு அளிக்கப்படாமல் எந்த ஊழியரையும் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று அதன் 240-ஆம் பிரிவு கூறிற்று. அச்சக ஊழியர் ஒருவர் இலண்டன் வரை சென்று தோற்ற உரிமை, பிறகு வந்தோர்க்கு இவ்வாறு சட்டத்திலேயே கிடைத்தது.

அரசியலமைப்பின் 311-ஆம் உறுப்பு

விடுதலைக்குப் பின் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், மன்னரின் விருப்பத்தைக் குடியரசுத் தலைவரின் விருப்பமாகவும் ஆளுநரின் விருப்பமாகவும் 310-ஆம் உறுப்பில் வைத்துக்கொண்டது. உடனே அடுத்த உறுப்பில், 311-இல், அவ்விருப்பத்திற்குக் கடிவாளமும் இட்டது. குற்றச்சாட்டுகளைத் தெரிவித்து, தம் பக்கத்தைக் கூற நியாயமான வாய்ப்பளித்து, விசாரணை நடத்திய பின்னரே பணியறவோ பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாம் என்பது அதன் சாரம்.

'நியாயமான வாய்ப்பு' என்பதன் பொருளை 1957-இல் வெளியான கேம் சந்த் வழக்குத் தீர்ப்பு விளக்கிற்று. குற்றச்சாட்டு இன்னதென்று அறிந்து அதனை மறுத்தல், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து தம் சாட்சிகளை நிறுத்துதல், விதிக்கவிருக்கும் தண்டனை பொருந்துமா என்று முறையிடுதல் ஆகியவை அதன் மூன்று கூறுகள். 1976-இல் வந்த 42-ஆம் திருத்தம் மூன்றாவதை எடுத்துவிட்டது. எனினும் 1990-இல் முஹம்மது ரம்ஸான் கான் என்பாரின் வழக்கில், விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலை ஊழியருக்குத் தராமல் தண்டிப்பது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதையே அறியாத ஒருவர் எவ்வாறு பதில் கூற முடியும் என்பதே அதன் அடிப்படை.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு இம்முறை 'குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிக'ளில் வகுக்கப்பட்டுள்ளது. அதன் 17-ஆம் விதியின் 'அ' பிரிவு சிறு தண்டனைக்குரியது. 'ஆ' பிரிவு பெருந்தண்டனைக்குரியது. நம் தெரு இளைஞர் அஞ்சிய 'பதினேழு பி' இதுவே. உண்மையில் அஞ்சவேண்டிய அக்கடிதமே அவருக்குக் கேடயமும் ஆகும். அதைக் கொடுத்தால்தான் விசாரணை உண்டு; விசாரணை இருந்தால்தான் பெருந்தண்டனை செல்லும்.

விசாரணை முடியும்வரை ஊழியரை ஒதுக்கி வைக்கும் தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை ஆகாது என்பது சட்டம். ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஒருவரை வீட்டில் அமர்த்திவைத்தால் அது தண்டனையினும் கொடியதாகும். அதனால்தான் பிழைப்பூதியம் தருவது கட்டாயமாயிற்று. அதைத் தராமல், பட்டினியால் ஊழியர் விசாரணைக்கு வர இயலாதவாறு செய்துவிட்டு நடத்தும் விசாரணை செல்லாது என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், மூன்று மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிடில் தற்காலிகப் பணிநீக்கம் நீடிக்கலாகாது என்றும் கூறிற்று.

வேலிக்கு மூன்று திட்டிவாசல்களும் உண்டு. குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்ற நடத்தை, விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாத நிலை, நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்று காரணங்களால் விசாரணையின்றியே நீக்கலாம். 1985-ஆம் ஆண்டு ஜூலையில் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதிவிலக்குகளை உறுதிப்படுத்திற்று. ஆயின் இயலாமைக்கான காரணத்தை எழுத்தில் பதியவேண்டும்; அதிகாரியின் சோம்பலும் வெறுப்பும் காரணமாகா.

நீக்கம் வேறு, களங்கம் வேறு

தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை, வேலைக்குப் பொருந்தவில்லை என்று குற்றம் கூறாமல் விடுவிக்கலாம். ஆனால் அவர் பெயருக்குக் களங்கம் உண்டாக்கும் சொல்லோடு விடுவித்தால் அது தண்டனையாகிவிடும்; அப்போது விசாரணை வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் 1950களின் இறுதி முதல் வளர்த்துவந்த நுண்ணிய வேறுபாடு இது. இதனைப் படிக்குந்தோறும் நம் வரலாற்று நூல்களில் உள்ள ஒரு நிகழ்ச்சி நினைவில் எழும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 20-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி). பாரசீகப் போரில் வெற்றி ஈட்டிய பெருந்தலைவர். அவர்மீது கூஃபாவாசிகள் சிலர் முறையிட்டனர். தொழுகையையே அவர் சரியாக நடத்துவதில்லை என்றுகூடக் குறை கூறினர். கலீஃபா அவரை மாற்றினார். ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. அவரை அழைத்து நேரில் கேட்டார். அவர் தம் விளக்கத்தைக் கூறினார். பின்பு விசாரிக்க ஆள் அனுப்பினார். சென்றவர் கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் மக்களைக் கேட்டார். எங்கும் நற்சான்றே கிடைத்தது. ஒருவர் மட்டுமே எதிராகப் பேசினார். பின்னர் தம் மரணப் படுக்கையில் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஸஃது (ரலி) அவர்களின் பெயரையும் சொன்ன கலீஃபா, தாம் அவரை நீக்கியது திறமைக் குறைவாலோ நம்பிக்கைத் துரோகத்தாலோ அன்று என்பதை எல்லோர் முன்னிலும் தெளிவுபடுத்தினார்.

இதில் நாம் காணவேண்டியவை பல. முறையிட்டவர்கள் அதட்டப்படவில்லை. முறையிடப்பட்டவரும் கேளாமல் தள்ளப்படவில்லை. நிருவாக நன்மைக்காகப் பதவி மாறிற்று. பெயருக்கு நேர்ந்த களங்கமோ வெளிப்படையாகத் துடைக்கப்பட்டது. ஆட்சி செய்வோர்க்கு ஊழியரை மாற்றும் அதிகாரம் உண்டு. அவர்தம் மானத்தை எடுக்கும் அதிகாரம் இல்லை.

வேலி முறிந்த நாட்கள்

தமிழ்நாட்டில் இவ்வேலி ஒருமுறை ஒரேயடியாக முறிந்தது. 2003-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், ஓய்வூதியம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். மக்கள் வழக்கில் 'டெஸ்மா' எனப்பட்ட 2002-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டம் அவர்கள்மீது ஏவப்பட்டது. ஜூலை 4-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் அதனை மேலும் கடுமையாக்கிற்று. தனித்தனி விசாரணை ஏதுமின்றிச் சுமார் 1,70,000 பேர் வேலை இழந்தனர். ஆயிரக்கணக்கானோர் கைதாயினர்.

வழக்கு உயர் நீதிமன்றம் சென்று உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. தொழிற்சங்கத் தலைவர் டி. கே. ரங்கராஜன் பெயரால் அறியப்படும் அவ்வழக்கில் 2003 ஆகஸ்ட் 6-ஆம் நாள் நீதிபதிகள் எம். பி. ஷா, ஏ. ஆர். இலட்சுமணன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறநெறி உரிமையும் இல்லை என்பது தீர்ப்பு. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22-ஆம் விதியைக் கடைப்பிடிப்போம் என்ற உறுதிமொழியும் எழுதித் தந்து பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். ஆறாயிரத்திற்குச் சற்று மேற்பட்டோரின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் அமர்த்தப்பட்டனர். 2004 மே மாதம், மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான பின்னர், எஞ்சிய நடவடிக்கைகளையும் அரசு திரும்பப் பெற்றது.

வேலைநிறுத்தம் சரியா, தவறா என்று நாம் ஈண்டுத் தீர்ப்புக் கூறவில்லை. மருத்துவமனை வாயிலிலும் பள்ளி வாயிலிலும் ஏமாந்து நின்ற ஏழைகளின் துன்பமும் மெய்யே. நாம் சுட்ட விரும்புவது வேறு. இலட்சக்கணக்கானோரை ஒரே ஆணையால் நீக்கியபோது, அவருள் எவர் வேலைநிறுத்தம் செய்தார், எவர் நோயால் விடுப்பிலிருந்தார் என்று பிரித்துக் கேட்க அங்கே எவரும் இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் குற்றவாளியும் நிரபராதியும் ஒன்றாகிவிடுகின்றனர்.

அண்ணனுக்கும் தம்பிக்கும்

இனி நம் திருப்பூருக்குத் திரும்புவோம். இவ்வூரில் 1920களில் பனியன் தொழிலுக்கு வித்திட்டவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார் என்று ஊரார் கூறுவர். அச்சிறு விதை இன்று உலகச் சந்தை வரை கிளை பரப்பியுள்ளது. இத்தொழிலின் வரலாற்றில் 1984-ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நிட்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என எல்லாப் பகுதிகளும் ஓய்ந்தன. அதன் பின்னர்ப் பெரிய கம்பெனிகள் பல சிறு யூனிட்டுகளாகப் பிரிந்தன. கான்ட்ராக்ட் முறையும் பீஸ் ரேட்டும் பெருகின.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். 127 நாட்கள் வேலையை நிறுத்திய பனியன் தொழிலாளிக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேலைநிறுத்த உரிமை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது. ஆனால் சனிக்கிழமை மாலை வாய்ச்சொல்லால் நீக்கப்படுவதைத் தடுக்கும் வேலி அவனுக்கு நடைமுறையில் இல்லை. அரசு ஊழியருக்கு அந்த வேலி உண்டு. வேலைநிறுத்த உரிமை இல்லை. அண்ணனிடம் உள்ளது தம்பியிடம் இல்லை. தம்பியிடம் உள்ளது அண்ணனிடம் இல்லை.

அண்ணனுக்குச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணிசெய்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் தரவேண்டும் என்றது 1947 சட்டம். தனியொருவர் நீக்கப்பட்டாலும் அது தொழில் தகராறாகும் என்று 1965-இல் திருத்தம் வந்தது. விதித்த தண்டனை மிகையா என்று ஆராயும் அதிகாரம் 1971-இல் தொழிலாளர் நீதிமன்றத்திற்குக் கிடைத்தது. ஆனால் அங்கே சென்று நிற்க முதலில் தாம் அக்கம்பெனியின் தொழிலாளி என்று மெய்ப்பிக்க வேண்டும். நியமனக் கடிதம் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. கையில் உள்ள பழைய சம்பளக் கவரில் கம்பெனியின் பெயர்கூட அச்சாகவில்லை. வேலி ஏட்டில் இருந்தது. அதன் வாயிற்படிக்குச் செல்லும் காகிதம் கையில் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் 29-க்கு மாற்றாக நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. வேலைநிறுத்தத்திற்கு முன்னறிவிப்பு எல்லாத் தொழிற்சாலைகட்கும் கட்டாயமாகியிருப்பதும், நிலையாணைகள் கட்டாயமாவதற்கான ஆள் எண்ணிக்கை 300-க்கு உயர்ந்திருப்பதும் தொழிலாளர்க்குப் பாதகம் என்று சங்கங்கள் கூறுகின்றன. ஆயினும் ஒரு நன்மையைக் குறிக்க வேண்டும். தொழிலாளர்க்கு நியமனக் கடிதம் தருவதை அவை கட்டாயமாக்கியுள்ளன. அந்த ஒரு தாள் ஒழுங்காகக் கைக்கு வந்துசேருமாயின், அண்ணன்மார் பலருக்கு வாயிற்படி திறக்கும்.

மறுபுறம், அரசாங்கமே திருப்பூரின் வழியைக் கற்றுக்கொண்டு வருகிறது. இவ்வூர் 2008-இல் மாநகராட்சியாகி, 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகி, அலுவலகங்கள் பெருகின. ஆயின் நாட்டில் எங்கும் அரசு அலுவலகங்களில் துப்புரவு, காவல், கணினிப் பதிவு முதலிய வேலைகளில் ஒப்பந்தக்காரரின் ஆட்களைக் காண்கிறோம். ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கு 311-ஆம் உறுப்பு. மற்றவருக்கு 'நாளை வர வேண்டாம்' என்ற சொல். முறையான தேர்வின்றி அமர்த்தப்பட்ட தினக்கூலிகள் நிரந்தரம் கேட்பது உரிமையாகாது என்று 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பத்தாண்டுக்கு மேல் உழைத்த சிலரை ஒருமுறை மட்டும் முறைப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பின்னர் 2024 டிசம்பரில் ஜக்கோ என்னும் துப்புரவுப் பெண்மணியின் வழக்கில், நிரந்தரமான வேலையை ஆண்டாண்டாகச் செய்வித்துவிட்டு உமாதேவி தீர்ப்பைக் காட்டி அவர்களை ஒதுக்குவது தகாது என்று கண்டித்தது. வேலி மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் கடமை

இவ்வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. நம்மவருள் சம்பளம் வாங்குவோரும் உளர். சம்பளம் கொடுப்போரும் உளர். அரசுப் பணியில் இருப்போர்க்கு ஒரு சொல்: குறிப்பாணை வந்தால் அதை மறைத்து வைக்காதீர்கள், வாங்க மறுக்காதீர்கள். தேதி குறித்து வாங்குங்கள். கேட்கப்பட்ட காலத்திற்குள் விளக்கம் எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பேசாதிருப்பவரின் உரிமையைச் சட்டம் தேடிச்சென்று காப்பதில்லை.

கம்பெனியும் கடையும் நடத்துவோர்க்கு ஒரு சொல்: பத்துப்பேர் மட்டுமே உங்களிடம் இருந்தாலும், ஒருவரை நிறுத்துமுன் அழைத்து உட்காரவைத்துக் காரணம் சொல்லுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் உங்களை வந்து வற்புறுத்தும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வெற்றித் தளபதியை மாற்றியபோதும் பள்ளிவாசல்தோறும் விசாரிக்கச் செய்த ஆட்சியாளரை நாம் நம் முன்னோர் என்று பெருமை பேசுகிறோமே!

இனி அவ்விருவரின் நிலையையும் கூறி முடிப்போம். இளையவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டது, மற்றவை விழுந்தன. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வருந்தினார்; ஏற்றுக்கொண்டார். தாம் செய்த தவறு எது, செய்யாதது எது என்பது காகிதத்தில் உள்ளது.

மூத்தவர் ஒரு மாதத்திற்குள் வேறு கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் சற்றுக் குறைவு. ஆனால் அடுத்த ஆண்டு அவர் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் நம்மிடம் தனியே கேட்ட முதற் கேள்வி, "பதினோராண்டு இருந்த இடத்தைவிட்டு ஏன் அனுப்பினார்கள்? ஏதேனும் கைசுத்தம் இல்லாமையா?" என்பதே. அவர் நேர்மையானவர் என்று நாம் சொன்னோம். நம் சொல்லை ஏற்றனர். இருந்தும், தாம் ஏன் நீக்கப்பட்டோம் என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது. கூலி போனால் மறுவாரம் வேறு கூலி வரும். பதில் கூற வாய்ப்பில்லாமல் போன பழியைத் துடைக்க, ஊரில் ஒருவரேனும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.